ஜவ்வரிசி மரம்

கலியமூர்த்தி அந்தச் செடியைக் கோணியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தபோது அவர்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். அவன் வேலை செய்த பாக்டரியின் பெரிய அதிகாரி ஒருவரின் பங்களாவில் கார் ஷெட் கட்டுவதற்காகத் தோட்டத்தைக் காலி செய்தார்கள். அங்கே இருந்த பழைய மரம் ஒன்றைச் சாய்த்து, அதன் அடியில் முண்டு முண்டாய் ஒட்டிக்கொண்டிருந்த குருத்துகளைப் பிய்த்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். கலியமூர்த்திக்குக் கிடைத்தது பெரிய சேப்பங்கிழங்கு போல இருந்தது. இலையும் இல்லை, வேரும் இல்லை.

"இது என்ன செடிங்க?" என்று பார்வதம் கேட்டாள்.

"ஈச்சை ஜாதின்னு ஒருத்தன் சொல்றான். ஜப்பான் பனைன்னு இன்னொருத்தன். வச்சுப் பார்ப்போம். வந்தா வருது."

மண்ணெண்ணெய் டின்னில் மணலும் எருவும் கலந்து வைத்தாள். மாதக்கணக்காக ஒன்றும் நடக்கவில்லை. அழுகிவிட்டதோ என்று அடிக்கடி விரலால் அழுத்திப் பார்ப்பாள், கல் மாதிரி இருக்கும். தூக்கி எறிந்துவிடலாம் என்று நினைத்திருந்த சமயத்தில் ஒரு காலை, உச்சியில் பழுப்பு நிறத்தில் பஞ்சு போல ஏதோ பிளந்து, உள்ளிருந்து இலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. ஒவ்வொன்றும் நுனியில் சுருண்டுகொண்டு, தொட்டால் குழந்தையின் காது போல மெத்தென்று இருந்தது. இரண்டு வாரத்தில் குடை விரித்தது போல நின்றது. அப்போது தாட்சாயிணி கைக்குழந்தை. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு பார்வதம் அதன் எதிரிலேயே நின்றிருந்தாள்.

எண்பத்தெட்டில் காட்டுப்பாக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்தபோது செடியும் கூட வந்தது. பூந்தமல்லி ரோட்டில் நர்சரி வைத்திருந்தவனிடம் எரு வாங்கப் போன கலியமூர்த்தி, கையோடு ஓர் இலையைக் கொண்டுபோய்க் காட்டினான். அவன் பார்த்த மாத்திரத்தில், "இது சேகோ பாம் சார். சேகோன்னா ஜவ்வரிசி" என்றான். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதன் பெயர் ஜவ்வரிசி மரம். புதுமனைக்கு வந்தவர்களிடமெல்லாம் கலியமூர்த்தி, "அடுத்த பாயசம் நம்ம மரத்து ஜவ்வரிசியிலதான்" என்று சொல்லிச் சிரித்தான்.

பார்வதம் அதை நன்றாகவே வளர்த்தாள். தண்ணீர் தேங்கினால் அதற்குப் பிடிக்காது என்பதைத் தானாகவே கண்டுகொண்டாள். அடியில் பக்கக் கன்றுகள் விட்டபோது ஒவ்வொன்றாகப் பிரித்து, வெட்டுவாயில் சாம்பல் தடவிக் காயவைத்து, காம்பவுண்டுச் சுவர் ஓரமாக வரிசையாக நட்டாள். தொண்ணூற்று மூன்று வாக்கில் தாய்மரம் இடுப்பு உயரம் வந்துவிட்டது. சுவர் நெடுகப் பச்சைக் குடைகள் நின்றன. அந்த வருஷம் தாய்மரத்தின் நடுவில் முட்டைக்கோசு போல ஒன்று உருண்டு வந்து பிரிந்தது. வெல்வெட் துணி மாதிரியான பழுப்பு இதழ்கள், அவற்றின் ஓரங்களில் கொட்டைப்பாக்கு அளவில் செம்மஞ்சள் காய்கள். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பார்வதத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் கோடையில்தான் செவலை வர ஆரம்பித்தது.

செவலை தாயம்மாளின் பசு. தாயம்மாளும் அவள் புருஷன் கஜபதியும் அந்த ஊரின் பழைய குடித்தனக்காரர்கள். அவர்கள் பயிர் வைத்த நிலத்தில்தான் இப்போது இந்த மனைகளெல்லாம் இருந்தன. கஜபதி குமணன்சாவடியில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாகப் போய்க்கொண்டிருந்தான். தாயம்மாள் மாடு வைத்துப் பால் ஊற்றினாள். பார்வதம் வீட்டுக்கும் அவள்தான் பால். மேய்ச்சலுக்கு இடமில்லாமல் போனதால், கறந்ததும் மாட்டை அவிழ்த்து விட்டுவிடுவாள். அது தெருத் தெருவாகப் போஸ்டரும் வாழை மட்டையும் தின்றுவிட்டு மாலையில் தானாகத் திரும்பும்.

ஒரு நாள் அது சுவருக்கு மேலே தலையை நீட்டி, புதிதாக விரிந்திருந்த இளம் இலையைக் கடித்து இழுத்தது. பார்வதம் விரட்டினாள். மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்தில் வந்து நின்றது. வெயிலில் காய்ந்த வயிறும் ஈ மொய்க்கும் கண்ணுமாக நின்ற அதைப் பார்த்துப் பார்வதத்துக்கு மனசு கேட்கவில்லை. எப்படியும் கீழ் இலைகளை அரிந்து குப்பையில்தானே போடுகிறோம் என்று நினைத்து, அரிந்ததைச் சுவருக்கு மேலாகக் கொடுத்தாள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் தாட்சாயிணி அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். இலையைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள். மாடு நாக்கால் வழித்து எடுக்கும்போது கூச்சத்தில் கத்துவாள். உதிர்ந்த காய்களையும் பொறுக்கிப் போட்டாள்.

"எம் மாடு எங்க ஊட்டாண்ட நிக்கறத விட உங்க ஊட்டாண்டதான் நின்னுகினு கீது. இன்னா மருந்து வச்சே பார்வதம்மா?" என்று தாயம்மாள் பால் ஊற்றும்போது சொல்வாள். பார்வதம் சிரிப்பாள். அவளுக்கு அந்தப் புது இடத்தில் பேச்சுத் துணைக்கு அதிகம் பேர் இல்லை. மாடு தன்னைத் தேடி வருவதில் அவளுக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் காலையில் பால் வரவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பார்வதமே போனாள். தாயம்மாள் வீட்டுக் கொட்டகை முன்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். செவலை நின்றிருந்தது, ஆனால் நிற்பது சரியாக இல்லை. பின்பக்கம் இப்படியும் அப்படியும் ஆடியது. ஓர் அடி எடுத்து வைத்தால் பின்னங்கால் குளம்பு மடங்கித் தரையில் தேய்ந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. வெட்டரினரி டாக்டர் மணவாளனைப் பூந்தமல்லியிலிருந்து கஜபதி அழைத்து வந்திருந்தான்.

டாக்டர் மாட்டின் பக்கத்தில் போகாமல் தள்ளியே நின்று பார்த்தார். "நாய் ஏதாவது கடிச்சுதா?"

கஜபதியின் முகம் மாறியது. "போன மாசம் குடோன் பக்கத்துல ஒரு நாய் வெறி புடிச்சி திரிஞ்சிதுங்க. அட்ச்சிப் போட்டாங்க. இது அந்தப் பக்கம் போச்சா இல்லியான்னு தெரியல சார்."

"யாராவது வாய்க்குள்ள கை விட்டீங்களா?"

"நான்தான் சாமி" என்றாள் தாயம்மாள். "இன்னாவோ தொண்டைல சிக்கிகினு கீதுன்னு நெனச்சி உட்டேன்." அவள் வலது கையில் அரிவாள் கிழித்த புண் ஒன்று ஆறாமல் இருந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

டாக்டர் கஜபதி பக்கம் திரும்பினார். "வெறி நோயான்னு இப்பவே சொல்ல முடியாது. வேற காரணமும் இருக்கலாம். ஆனா அப்படி இருந்தா பத்து நாளைக்கு மேல தாங்காது. தனியாக் கட்டுங்க. கறக்காதீங்க. தண்ணி குடிக்குதான்னு தூரத்துல இருந்து பாருங்க. இதோட எச்சில் பட்டவங்க எல்லாரும் இன்னைக்கே ஊசி ஆரம்பிச்சுடணும். புதுசா ஏதாவது தின்னுச்சா?"

"வெக்கப்புல்லு, புண்ணாக்கு. அப்புறம் தெருவுல கெடக்கறது. அதுக்கு இன்னா கணக்கு கீது சாமி?"

பார்வதம் வெறும் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவள் மனதில் அப்போது இலை இல்லை, தாட்சாயிணியின் உள்ளங்கைதான் இருந்தது. முந்தைய வாரம் சைக்கிளிலிருந்து விழுந்து அந்தக் கை முழுக்கச் சிராய்ப்பு. அந்தக் கையைத்தான் மாடு தினமும் நக்கியது. அவள் திரும்பி வீட்டுக்கு ஓடினாள்.

அரசு ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்றார்கள். முதல் ஊசிக்கே தாட்சாயிணி கட்டிலிலிருந்து திமிறினாள். பார்வதம் அவள் தோளையும் தாயம்மாள் அவள் காலையும் பிடித்துக்கொண்டார்கள். பிறகு தாயம்மாள் சத்தமில்லாமல் தானே படுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

அன்று மாலை ஷிப்ட் முடிந்து வந்த கலியமூர்த்தி விஷயத்தைக் கேட்டுத் ஆடிப்போனான். "எங்க செக்‌ஷன்ல ஒருத்தர் முன்னாடி சொல்லியிருக்காரு. இந்த ஊசி சில பேருக்கு ஒத்துக்காதாம். காலே விளங்காமப் போயிடுமாம். லட்சத்துல ஒருத்தருக்குத்தான், ஆனா போகுமாம்."

"போடாம இருக்க முடியுமா?"

"முடியாது. நான் முடியாதுன்னுதான் சொல்றேன்" என்று அவன் எரிந்து விழுந்தான். பிறகு மகள் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

வேற காரணமும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்ன வார்த்தை பார்வதத்தின் மனதில் அப்போதுதான் வந்து உட்கார்ந்தது. ஜன்னல் வழியாகச் சுவர் ஓரத்து வரிசை தெரிந்தது. ஒவ்வொரு செடியும் கீழ் இலைகள் இல்லாமல் மொட்டையாக இருந்தது. அவ்வளவும் எங்கே போனது?

"என்னங்க, அந்த இலையா இருக்குமோ?"

"எந்த இலை?"

"ஜவ்வரிசி மரத்து இலை. நாமதானே தினமும் கொடுத்தோம்."

கலியமூர்த்தி அவளை விநோதமாகப் பார்த்தான். "ஜவ்வரிசி நாம திங்கிறது. அதுல என்ன விஷம் இருக்கும்? வெளியில போய் இப்படி ஏதாவது சொல்லிவைக்காத. அவங்க ஊர்ல வந்து குடியிருக்கோம்."

 ஆனால் மறுநாள் ஊசிக்குப் போய்வந்த பிறகு, ஓர் இலையை மடித்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு குமணன்சாவடிக்கு நடந்தாள். அங்கே வசந்தகுமாரி என்ற கல்லூரி விரிவுரையாளர் இருந்தாள். நகரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். ரேஷன் கடை வரிசையில் பழக்கம், அவ்வளவுதான்.

வசந்தகுமாரி இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "பனை இல்ல. பாருங்க, ஒவ்வொரு சின்ன இலையிலும் நடுவுல ஒரே ஒரு நரம்பு. பக்க நரம்பே கிடையாது. பனையா இருந்தா வரி வரியா நிறைய ஓடும்."

"அப்ப இது என்ன?"

"சைக்கஸா இருக்கும்னு தோணுது. ஆனா இந்த ஓர் இலையை வச்சு அடிச்சுச் சொல்ல மாட்டேன். எதுக்குக் கேட்கறீங்க?"

பார்வதம் சொன்னாள். யாரிடமும் சொல்லாத அத்தனையும் வெளியே வந்தது. கேட்டுக்கொண்டிருந்த வசந்தகுமாரி எழுந்து செருப்பை மாட்டினாள். "செடியைப் பார்க்கணும். வாங்க."

தாய்மரத்தின் முன்னால் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தாள். நடுவிலிருந்து ஒரு பழுப்பு இதழைப் பிய்த்து, அதன் ஓரத்துக் காயை நகத்தால் கீறினாள். "காய் பழத்துக்குள்ள இல்ல பாருங்க. இலை மாதிரி இருக்கிற இதோட ஓரத்துலயே வெளியில ஒட்டிக்கிட்டு இருக்கு. பனைக்கு இப்படி வராது. இளம் இலை வரும்போது எப்படி வரும்?"

"சுருண்டுகிட்டு வரும். வாட்ச் ஸ்பிரிங் மாதிரி."

"அதுவும் சரியா இருக்கு. ஒரு கரண்டி குடுங்க."

அடிமண்ணை மெதுவாகக் கிளறினாள். மேலாகவே, மண்ணை முட்டிக்கொண்டு, இஞ்சிக் கொத்து போல முடிச்சு முடிச்சாக வேர்கள் இருந்தன. பார்வதம் அவற்றைப் பார்த்திருக்கிறாள். ஏதோ நோய் என்று நினைத்து முன்பு ஒரு தடவை சுரண்டிக்கூடப் போட்டாள். வசந்தகுமாரி ஒரு முடிச்சை பிளேடால் குறுக்கே வெட்டிக் காட்டினாள். வெள்ளைச் சதைக்குள் மோதிரம் போட்டது மாதிரி நீலப்பச்சையில் ஒரு வளையம் தெரிந்தது.

"சைக்கஸ்தான். இனிமே சந்தேகமே இல்ல. இந்த வளையம் அதுக்குள்ள குடியிருக்கிற பாசி. பனை வேர்ல நீங்க எங்க தேடினாலும் இது இருக்காது."

"ஜவ்வரிசி இதுலேர்ந்துதானே...?"

"நாம வாங்கற ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்குலேர்ந்து வருது. நர்சரிக்காரர் சொன்னது ஒரு பேரு, அவ்வளவுதான். பேர் ஒண்ணா இருந்தா செடி ஒண்ணாகிடாது. இதோட காய்ல விஷம் இருக்குங்க. எங்கேயோ மலையில இருக்கிறவங்க நாள்கணக்கா ஊறவச்சு, தண்ணியை மாத்தி மாத்திக் கொட்டித்தான் மாவு பண்ணுவாங்கன்னு படிச்சிருக்கேன். மாட்டைப் பத்தி எனக்கு நிச்சயமாத் தெரியல. நாளைக்குக் காலேஜ் லைப்ரரியில பார்த்துட்டு வந்து சொல்றேன்."

மறுநாள் மாலை அவள் வாசலிலேயே நின்று சொன்னாள். "வெளிநாட்டுல பார்த்திருக்காங்க. மாடு தொடர்ந்து இந்த இலையைத் தின்னா பின்னங்கால் ரெண்டும் தள்ளாடும்னு போட்டிருக்கு. ஒரு தடவை ருசி கண்டா அதையே தேடிக்கிட்டு வருமாம்."

பார்வதம் சுவர் ஓரத்து வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். "பால்ல வருமா? நாங்க எல்லாரும் குடிச்சோமே."

"எனக்குத் தெரியாதுங்க. தெரியாததைச் சொல்லக் கூடாது."

"கால் சரியாயிடுமா?"

 "சரியானதா எதுவும் போடல. ஆனா உயிர் போகணும்னு இல்ல."

மணவாளன் டாக்டரிடம் இருவருமாகப் போனார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். "இருக்கலாம். எனக்கு இது புதுசு. ஆனா இதை நம்பி ஊசியை நிறுத்துங்கன்னு சொல்ல மாட்டேன். ரெண்டுமே சேர்ந்துகூட இருக்கலாம் இல்லையா? மாடு பிழைச்சுக் கிடந்தா செடி. செத்துப்போனா..." அவர் பார்வதத்தைப் பார்த்தார். "மாட்டுக்காரங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சொல்லிடுங்க. சினை மாடு வேற."

சொல்லாமல் இருந்த அந்த நாட்களில் அவள் தினமும் தாயம்மாளோடு ஒரே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனாள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாள். தாயம்மாள் தாட்சாயிணியை மடியில் சாய்த்துக்கொண்டு வயிற்றில் வீங்கிய இடங்களில் ஊதிவிடுவாள். "எனக்கு இன்னா, ஆண்டு அனுபவிச்சவ. இந்தக் கொயந்தைக்கு இன்னா தலையெழுத்து பார்வதம்மா? எம் மாட்டுக்கு ஆசையா தழ குடுத்ததுக்கா?" என்று ஒரு முறை கேட்டாள். பார்வதம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரைப் பார்த்த மறுநாள், ஊசி முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது சொல்லிவிட்டாள்.

"அக்கா, மாட்டுக்கு வெறி இருக்காதுன்னு தோணுது."

"இன்னா சொல்ற?"

"எங்க வீட்டுச் செடிதான். அது வேற செடியாம். விஷமாம். மாடு தின்னா பின்னங்கால் இழுத்துக்குமாம். படிச்சவங்க பார்த்துச் சொல்லிட்டாங்க. டாக்டர்கிட்டயும் சொல்லிட்டோம்."

தாயம்மாள் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. "அப்போ பொயச்சிக்குமா?"

"உயிருக்கு ஒண்ணும் ஆகாதாம். கால்தான்..."

"நீயே குடுத்தியா?"

"ஆமாக்கா."

"தெனமுமா?"

"தினமும்."

தாயம்மாள் தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த தாட்சாயிணியின் விரல்களை மெதுவாக விலக்கினாள். "சினையா கீற மாடு. வாயில்லாத ஜீவன். இன்னா செடி இன்னா தழன்னு தெரியாமயேவா அள்ளி அள்ளிப் போட்டுகினு இருந்தே?" குரல் உயரவில்லை. பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். பார்வதம் ஏறவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்காக நின்றாள்.

அடுத்த நாளும் தாயம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள்.

 பார்வதம் விடிந்ததும் மொட்டை மாடிக்கு ஏறுவாள். அங்கிருந்து தாயம்மாள் வீட்டுக் கொட்டகையின் ஒரு மூலை தெரியும். சிவப்பாக முதுகு தெரிந்தால் மூச்சு வரும். மாடு உயிரோடு இருந்தால் தன் மேல் பழி, செத்தால் மகளுக்கு ஆபத்து. இதில் எதை வேண்டுவது என்று அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. பூந்தமல்லி கோயிலில் சன்னிதியில் நின்று, என் செடிதான் காரணமாக இருக்கவேண்டும், நான் கொடுத்த இலைதான் அதன் காலை எடுத்ததாக இருக்கவேண்டும் என்று கும்பிட்டாள். இப்படியும் ஒரு வேண்டுதல் உண்டா என்று வெளியே வந்ததும் அழுகை வந்தது.

ஒரு நாள் விடிந்ததும் தாட்சாயிணி எழுந்திருக்க மாட்டேன் என்றாள். "அம்மா, கால் மரத்துப்போச்சு. நிக்க முடியல."

பார்வதத்தின் கையிலிருந்த தம்ளர் விழுந்து உருண்டது. கலியமூர்த்தி பாதி சவரத்தோடு ஓடிவந்தான். இருவரும் ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தேய்த்தார்கள், கிள்ளினார்கள். "வலிக்குதா? இங்க? இங்க வலிக்குதா?" என்று கேட்கக் கேட்கக் குழந்தை பயந்து அழுதது. கொஞ்ச நேரத்தில், "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றாள். பிறகு எழுந்து நின்றாள். ராத்திரி காலை மடித்துப் படுத்திருந்தாள், அவ்வளவுதான். கலியமூர்த்தி சோப்பு நுரை காய்ந்த முகத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அன்று வேலைக்குப் போகவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து மாடியிலிருந்து பார்த்தபோது சிவப்பு முதுகு தெரியவில்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினாள். செவலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தாயம்மாள் எட்ட நின்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பார்வதத்தைப் பார்த்தும் போ என்று சொல்லவில்லை. கஜபதி ஒரு நீளக் கழியால் தண்ணீர்த் தொட்டியை மாட்டின் முகத்துக்கு அருகே தள்ளினான்.

மாடு தலையைத் தூக்கியது. மூக்கைத் தண்ணீரில் வைத்தது. மூவரும் அதன் தொண்டையையே பார்த்தார்கள். தொண்டை அசைந்தது. ஒரு வாய், இன்னொரு வாய். பிறகு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"குடிக்குது" என்றான் கஜபதி. "ஏய், குடிக்குதுடீ."

டாக்டர் சொன்ன கெடு தாண்டியது. மணவாளன் வந்து இந்தத் தடவை மாட்டின் பக்கத்திலேயே போனார். வாயைத் திறந்து பார்த்தார், பின்னங்கால்களைத் தூக்கி வைத்துப் பார்த்தார். "வெறி இல்லம்மா. ஊசியை நிறுத்தச் சொல்லி எழுதித் தர்றேன். ஆஸ்பத்திரியில காட்டுங்க. கால் இப்படியேதான் இருக்கும். தூரமா நடக்க விடாதீங்க."

பார்வதம் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. டாக்டர் போன பிறகு தாயம்மாள் அவள் எதிரில் வந்து நின்றாள்.

"உன் செடிதான்னு ஆயிப்போச்சே. சந்தோசப்படறியா நீ?"

பார்வதம் நிமிர்ந்தாள். பொய் சொல்லத் தெம்பில்லை. "ஆமாக்கா."

தாயம்மாள் தன் வலது கையைத் திருப்பி, காய்ந்துபோன அரிவாள் வடுவைப் பார்த்தாள். "நானுந்தான்" என்றாள். பிறகு கோபம் திரும்ப வந்தவள் போல, "அந்தச் சனியன் ஒண்ணுகூட அங்க இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கலியமூர்த்தி கடப்பாரை எடுத்தான். கொஞ்ச நேரத்தில் கஜபதியும் ஒரு கடப்பாரையோடு வந்து, யாரோடும் பேசாமல் அடுத்த கோடியிலிருந்து பெயர்க்க ஆரம்பித்தான். வெட்டிப் போட்டால் வேறு மாடு தின்றுவிடும் என்று வசந்தகுமாரி எச்சரித்திருந்ததால், வீட்டுக்குப் பின்னால் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி எல்லாவற்றையும் புதைத்தார்கள். கல்லூரித் தோட்டத்துக்கு ஒரு கன்று தரமுடியுமா என்று வசந்தகுமாரி கேட்டாள். வேலி போட்டு வைப்பதாகவும் சொன்னாள். பார்வதம் தரவில்லை. தாய்மரம் கடைசியாக வந்தது. அதன் உச்சியில் பழுப்புப் பஞ்சு பிளந்து, அடுத்த சுற்று இலைகள் சுருண்டபடி தலை காட்டியிருந்தன. கலியமூர்த்தி அவளைத் திரும்பிப் பார்த்தான். எட்டு வருஷம் அவள் கையால் வளர்ந்த மரம்.

"போடுங்க" என்றாள்.

செவலை அதற்குப் பிறகு தெருவுக்கு வரவில்லை. பெரும்பாலும் கொட்டகையிலேயே நின்றது. எழும்போது இரண்டு பேர் வாலடியில் முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. பார்வதம் கேட்காமலேயே அந்த இரண்டு பேரில் ஒருத்தியானாள். கலியமூர்த்தி ஷிப்ட் இல்லாத நாட்களில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் சைக்கிளில் போய்ப் புல் அறுத்துவந்து போட்டான். தாயம்மாள் முதலில் அந்தக் கட்டைத் தொடவே இல்லை. பிறகு பிரித்து ஒவ்வொரு தழையாகப் பொறுக்கிப் பார்த்துவிட்டுப் போட்டாள். பேச்சு என்று ஒன்று வந்தது புரட்டாசியில்தான். "உங்க ஊட்டுக்காரர இம்மாந்தூரம் போவ வேணாம்னு சொல்லு. இங்கியே வாய்க்கா ஓரம் நல்லா மொளச்சி கீது."

தை மாதம் ஒரு நாள், பள்ளிக்கூடத்துக்கு மகளைக் கிளப்பிக்கொண்டிருந்தபோது கஜபதி வாசலில் வந்து, "ஊட்ல உன்ன வரச் சொல்லுது. கண்ணு போடுது" என்றான்.

கன்று ஏற்கெனவே விழுந்திருந்தது. கிடாரி. தாயைப் போலவே சிவப்பு. செவலை எழமுடியாமல் உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டி அதை நக்கிக்கொண்டிருந்தது. தாயம்மாள் கன்றின் குளம்பு நுனியில் மெத்தென்று இருந்த தோலைக் கிள்ளிவிட்டு, வைக்கோலால் உடம்பைத் துடைத்துவிட்டுத் தள்ளி வந்தாள். பார்வதத்தின் பக்கத்தில் வந்து நின்றாள். 

கன்று முதலில் முன்னங்கால்களை ஊன்றியது. பின்பக்கம் எழும்பி, ஆடி, சரிந்து விழுந்தது. பார்வதத்தின் கை அவளை அறியாமல் தாயம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டது.

"எல்லாக் கண்ணும் மொதல்ல உயுந்துதான் எந்திரிக்கும்" என்றாள் தாயம்மாள். ஆனால் பிடித்த கையை அவளும் விடவில்லை.

மறுபடியும் எழுந்தது. பின்னங்கால்கள் அகன்று நடுங்கின. குளம்புகள் மண்ணில் பதிந்தன, மடங்கவில்லை. ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி. தாயின் மடியைத் தேடி முட்டியது. செவலை உட்கார்ந்திருந்ததால் மடி எட்டவில்லை. கன்று சுற்றிச் சுற்றி வந்தது.

"தூக்குவோம் வா" என்றாள் தாயம்மாள்.

இருவரும் மாட்டின் வாலடியில் தோளைக் கொடுத்தார்கள்.